ஒரே லிஸ்ட்

சர்ர்... சர்ர்...

பால்கனிப் பக்கம் யாரோ நகத்தால் கீறுவதுபோல ஒரு சத்தம்.

மணி எட்டுதான். ஆனால் வீட்டில் மதுவந்தி தனியாக இருந்தாள். கணவன் ஷ்யாமுக்கு இந்த வாரம் நைட் ஷிஃப்ட். தோளில் தூங்கும் ஐந்து மாதக் குழந்தையை இறுக்கிக்கொண்டு, போனில் அந்தச் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

பரவையில் அவர்கள் குடியிருக்கும் ஃப்ளாட்டுகளுக்காக அவளே எழுதிக் கொடுத்த ஆப். யாருக்கு ஆபத்தென்றாலும் லிஸ்ட்டில் இருக்கும் எல்லாருக்கும் அழைப்பு போகும்.

நேற்று மீட்டிங்கில் அந்த லிஸ்ட்டுக்குத்தான் சண்டை.

“தண்ணி மோட்டார் போடுற நல்லகாமனும் நானும் ஒரே லிஸ்ட்டாம்மா? தனித்தனியாப் போடக் கூடாதா?” என்றார் செக்ரட்டரி ஹரிநாராயணன்.

“வேற வேற டைப்பை ஒண்ணா வைக்கத்தான் சார் புரோகிராம்ல இன்டர்ஃபேஸ்னு ஒரு பொது வாசல். அது கேக்கறது ஒண்ணே ஒண்ணு. கூப்பிட்டா வருவியா? வருவேன்னா உள்ளே. யார், என்னன்னு பார்க்காது.”

“எங்க விவரமெல்லாம் அவனோட கலந்துடாதா?”

“லிஸ்ட்ல நீங்க யாருமே இல்ல சார். வெறும் பாயின்டர்தான். ஆள் எங்க இருக்கார்னு காட்டுற விலாசம். அதுல பெரிய விலாசம், சின்ன விலாசம்னு உண்டா?”

ஒரே கைதட்டல். மாடிப்படி ஓரம் நின்ற நல்லகாமன்கூடச் சிரித்துவிட்டார்.

இப்போது திரையில் லிஸ்ட்டில் இருப்பவர்களின் பெயர்கள் வரிசையாக விழுந்தன.

ஹரிநாராயணன்: பார்த்தார். பட்டு மாமி: பார்த்தார். பிச்சுமணி: பார்த்தார்.

சர்ர்... சர்ர்...

‘கடவுளே, யாராவது வாங்களேன்!’

நல்லகாமன்: வாரேன்.

ஓடிப்போய் வாசல் கதவின் தாழ்ப்பாளை நீக்கிவிட்டு நின்றாள். சட்டென்று அந்தச் சத்தம் நின்றது. சற்று நேரத்தில் படியில் தடதடவென்று காலடி.

“தாயி, நாந்தேன். கேபிள் வயரு அத்துக் காத்துக்குப் பால்கனிக் கம்பியில ஒரசிருக்கு. மொட்டமாடியில ஏறி இழுத்துக் கட்டிப்புட்டேன். கதவத் தொறங்க, பால்கனியவும் ஒரு எட்டுப் பாத்துட்டுப் போறேன்.”

மதுவந்தி கதவில் இருந்த லென்ஸில் கண்ணை வைத்தாள்.

மடித்துக் கட்டிய லுங்கி. வியர்வை வழியும் வெற்று மார்பு. கையில் கம்பு.

“வேண்டாம்ணே... அவர் வந்துட்டார்.”



“சார் வண்டியக் கீழ காண...” என்று இழுத்தவர், நிறுத்திக்கொண்டார். “சரி தாயி. தாப்பாளப் போட்டுக்கங்க. அந்தச் சத்தத்தக் கேட்டுட்டுத்தான் நான் எறங்குவேன்.”

எவ்வளவு மெதுவாகத் தள்ளியும், ‘டக்’கென்றுதான் விழுந்தது தாழ்ப்பாள்.