மண்டபத்தில் ஒரு குழந்தை

"நர்சிங் முடியட்டும்ப்பா" என்று நிவேதா கெஞ்சியபோதெல்லாம் இசக்கிப்பாண்டி ஒரே பதிலைத்தான் சொன்னார்: "ஏட்டி, ஒனக்குப் பதினெட்டு முடிஞ்சாச்சு. இனி எந்தச் சட்டமும் குறுக்க வராது."

அதனால், முகூர்த்த நேரத்தில் குற்றாலத்து மண்டபத்துக்குள் சமூகநல அலுவலர் போலீசோடு நுழைந்தபோது அவர் அசரவே இல்லை.

"இங்கன குழந்தைத் திருமணம் நடக்குன்னு 1098 சைல்டு லைனுக்கு போன் வந்திருக்கு."

"எவனோ வயித்தெரிச்சல்ல பண்ணியிருக்கான் மேடம். எம்பொண்ணுக்குப் பத்தொன்பது வயசு. நல்லா விசாரிச்சுக்கிடுங்க."

"பொண்ணப் பத்திப் புகாரே இல்ல அண்ணாச்சி. மாப்பிள்ளை எங்க?"

இசக்கிப்பாண்டியின் அக்கா மகன் சுடலைராஜ் பட்டு வேட்டியும் முறுக்கு மீசையுமாக வந்து நின்றான்.

"வயசென்ன தம்பி?"

"இருபது மேடம்."

"ஆம்பளைக்கு இருபத்தொண்ணு முடியணும். அதுவரைக்கும் இந்தச் சட்டப்படி நீ குழந்தை" என்ற அலுவலர், பால்வாடிப் பிள்ளையிடம் பேசுவதுபோல் குரலைத் தணித்தார். "பயப்படாத. ஒன்னயக் காப்பாத்தத்தான் வந்திருக்கோம்."

"ஆறடி வளந்து நிக்கான், இவனா கொழந்த?" என்று அக்கா முப்பிடாதியம்மாள் அலறினாள். அலறி என்ன, கல்யாணம் நின்றுபோனது.

"போன் பண்ணுனது யாருன்னு மட்டும் சொல்லுங்க மேடம்" என்று இசக்கிப்பாண்டி பல்லைக் கடித்தார்.

"அதச் சொல்லக் கூடாது அண்ணாச்சி."

மணப்பெண் அறையில் நிவேதா முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். அழுகிறாளே என்று மனம் இளகி, இசக்கிப்பாண்டி அவள் கைகளை மெல்ல விலக்கினார்.

சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மொதல்ல சட்டம் பேசுனது நீங்கதானப்பா!"