பறக்கத் தோதான நாள்

"இன்னிக்கும் பறக்க முடியாதுப்பா. மேகம் ரொம்பக் கீழ இருக்குது."

போனில் சத்யப்ரியா இப்படிச் சொன்னது அந்த வாரத்தில் மூன்றாவது முறை. குமரேசன் போனை வைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஆரணியில் பட்டுச்சேலைகளுக்கு டிசைன் போட்டு, அதைத் தறிகளுக்குத் துளை போட்ட அட்டையாக அடித்துக் கொடுப்பது அவர் தொழில். திரையில் ஒரு மாங்காய் பார்டர் பாதியில் நின்றது.

சத்யப்ரியா ஒரே மகள். கர்நாடகத்தில் ஒரு பைலட் பயிற்சிப் பள்ளியில் படிக்கிறாள். சின்ன விமானத்தில் தன்னந்தனியாகக் கிளம்பி, இரண்டு ஊர்களில் இறங்கி ஏறி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் நீண்ட பயணம் ஒன்றை அவள் செய்தாக வேண்டும். அது இல்லாமல் லைசென்ஸ் கிடையாது. ஆவணியில் வந்தவாசிக்காரர்கள் சம்பந்தம் பேச வந்தபோது, அந்தப் பயணம் முடியட்டும், அப்புறம் பெண் பார்க்க வரச்சொல்லலாம் என்று அவள் சொல்லியிருந்தாள். அவரும் சரி என்றார். இப்போது ஐப்பசி பிறந்துவிட்டது.

மாப்பிள்ளையின் அப்பா சின்னதுரை இரண்டு நாளைக்கு ஒருமுறை போன் செய்து, எப்போது வரலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். வானிலை சரியில்லைங்க என்று சொல்லிச் சொல்லிக் குமரேசனுக்கு அலுத்துப்போயிற்று.

முதலில் அவர் தன் செல்போனைப் பார்த்துவிட்டு, வெயில் என்றுதானே போட்டிருக்கிறது என்று மகளிடம் கேட்டார். அது குடை எடுக்கலாமா வேண்டாமா என்று பார்க்கிறவர்களுக்கான ஆப் என்றாள் அவள். காற்றைக் கலர் கலராக ஓடவிட்டுக் காட்டும் ஒரு சைட்டைப் பிடித்தார். அது தரையில் அடிக்கும் காற்று, நான் பறப்பது நாலாயிரம் அடியில் என்றாள். உயரத்தை மாற்றும் பட்டன் எங்கே இருக்கிறது என்று இரண்டு நாள் தேடிக் கண்டுபிடித்தார். செயற்கைக்கோள் படத்தில் மேகம் திட்டுத்திட்டாகத்தானே தெரிகிறது என்றதற்கு, அது மேலிருந்து எடுத்த படம், மேகத்தின் அடிப்பக்கம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதுதான் தனக்கு முக்கியம் என்றாள்.

விமான நிலையங்கள் அரைமணிக்கு ஒருமுறை வெளியிடும் வானிலைக் குறிப்புதான் நம்பகமானது என்று அவளே ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். எழுத்தும் எண்ணுமாக, ஒன்றும் புரியாத மாதிரி இருந்தது அது. அட்டையில் ஒரு துளை தப்பினால் பார்டரே கெட்டுவிடும் என்று பழகியவர் அவர். ஒரே வாரத்தில் படிக்கக் கற்றுக்கொண்டார்.

"வானிலை ஆபீசா நடத்திகினு இருக்கீங்க? தறிக்காரங்க வந்து வந்து திரும்பிப் போறாங்க" என்று மனைவி சூர்யகலா சலித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் எல்லாமே ஒத்துவந்தது. மகள் போகவேண்டிய வழியில் கோடு இழுத்துப் பார்த்தார். நாலு சைட்டிலும் ஒரு குறை இல்லை. உடனே போன் போட்டார்.

"காத்து ஆறு நாட்தான், மணிக்குப் பதினோரு கிலோமீட்டர். ஆறு நாட் காத்துல நம்ம கொடியில துணிகூட ஆடாது. எட்டு கிலோமீட்டர் வரைக்கும் பளிச்சுனு தெரியுது. மேகமே இல்ல. இதுக்குமேல இன்னாம்மா வேணும்?"

சத்யப்ரியா கொஞ்சம் தயங்கினாள். காலையில் இப்படித்தான் இருக்கும், மத்தியானச் சூட்டில் மேகம் திரண்டுவிட்டால் திரும்பி வருவது ஆபத்து என்றாள். அது உண்மையாகவும் இருக்கலாம் என்பதுதான் குமரேசனுக்குப் பெரிய பேஜாராக இருந்தது. கத்தவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

போனை வைத்த கையோடு சின்னதுரை கூப்பிட்டார். இந்த முறை எப்போது வரலாம் என்று அவர் கேட்கவில்லை.

"இன்னாங்க குமரேசன், மேகம் காத்துன்னு நாளை ஓட்டிகினு இருக்கீங்க. அந்தப் பயணம் முடிஞ்சா இன்னா, முடியாட்டி இன்னா? கல்யாணத்துக்கு அப்புறம் அது ஏரோப்ளேனா ஓட்டப்போவுது? நம்ம உரக்கடைல உக்காந்துகினு வீட்டைப் பாத்துக்கப்போற பொண்ணு."

குமரேசன் திரையைப் பார்த்தார். மகளுக்காக இழுத்த கோடு மூன்று ஊர்களையும் தொட்டுக்கொண்டு நின்றது. ஒரு நாள் பயணத்துக்கு இத்தனையையும் படிக்க வேண்டியிருக்கிறது. அவள் இதை மூன்று வருடமாகப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

"அப்படின்னா வேணாங்க" என்றார்.

எது வேண்டாம் என்று சின்னதுரை கேட்டார்.

"சம்மந்தம் வேணாங்க. நீங்க வேற எடம் பாத்துக்கோங்க."

சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சூர்யகலா காபியைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

அவர் மறுபடி மகளைக் கூப்பிட்டார். இந்த முறை காற்றைப் பற்றிக் கேட்கவில்லை. வந்தவாசிக்காரர்கள் சொன்னதையும், தான் சொன்னதையும் அப்படியே சொன்னார்.

"இனிமே நாம யாருக்கும் நாள் சொல்லவேண்டியதில்லம்மா. நீ அவசரப்படாத. மேகமெல்லாம் நல்லா விலகட்டும். பயமில்லாம பறந்துட்டு வா. இன்னும் ரெண்டு மாசம் ஆனாலும் பரவால்ல."

லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். கட்டாகவில்லை. சத்யப்ரியா அழுதுகொண்டிருந்தாள்.

"அப்பா... அந்த ஃப்ளைட்ட நான் முடிச்சு நாப்பது நாளாவுதுப்பா."