கீறல் விழாத பெடல்கள்

ஜெர்மனியின் கொலோன் நகரில் ஸ்ரீஸ்கந்தராஜாவின் வீட்டு ஹாலில், மேசை மாதிரி நான்கு கால்களில் நின்றது, மேலே கம்பிகளைக் கையாலும் கீழே பெடல்களைக் காலாலும் வாசிக்கும் பழைய பெடல் ஸ்டீல் கிட்டார். வாங்க வந்திருந்த பிருந்தனும் அதே வாத்தியம் வாசிப்பவன்தான்.

"ஒவ்வொரு ஞாயிறும் உங்கட வீடியோ பாக்கிறனான் அண்ணை. கை மட்டும்தான் தெரியும், அதில ஒரு பிசகும் இல்லை. ஏன் விக்கிறியள்?"

மடியில் போர்வையுடன் இருந்தவர் சொன்னார். "கை சரி தம்பி. பெடல்தான் இனி ஏலாது."

"முழங்கால் நோவோ?"

அவர் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். மனைவி சந்திரகாந்தி தேத்தண்ணி கொடுத்துவிட்டுப் போனார்.

பிருந்தன் குனிந்து பெடல்களைப் பார்த்தான். "சப்பாத்துக் கீறல் ஒண்டும் இல்லையே. கீழ என்ன தலையணை?"

"அதில என்ர மனுசிதான் இருக்கிறவ."

போர்வையை விலக்கினார். முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களும் இல்லை.

"சீனி வருத்தம், நீரிழிவு. ஒன்பது வருசமா நான் மேல கம்பியில வாசிக்க, அவ கீழ இருந்து கையால பெடலை அமத்தினவ. எந்த இடத்தில எதை அமத்துறதெண்டு நான் ஒருநாளும் சொன்னதில்லை."

"இப்ப என்ன நடந்தது?"

சந்திரகாந்தி மறுபடியும் தேத்தண்ணியோடு வந்தார்.

"இப்பதானே வந்தனீங்கள் தம்பி, குடியுங்கோ," என்று கோப்பையைக் கிட்டார் கம்பிகளின் மேல் வைத்தார். பிறகு கணவரிடம் திரும்பினார்.

"இஞ்சாருங்கோ, இந்த மேசை எப்ப வாங்கினது?"