பின்மேசை ஜோடி

அவள் வாயை அசைத்தாள். சத்தம் வரவில்லை. வரக் கூடாது.

எதிரில் இருந்தவரும் அசைத்தார்.

நுங்கம்பாக்கத்தில் ஒரு காப்பிக் கடையை ஒரு நாளைக்குப் படப்பிடிப்புக்காக எடுத்திருந்தார்கள். படத்தில் நான்கு காதல் ஜோடிகள். செல்போனில் ஆள் தேடி, சந்தித்து, சண்டை போட்டு, கடைசியில் சேர்வார்கள். அன்றைக்கு மூன்றாவது ஜோடி பிரிகிற காட்சி. முன்மேசையில் கதாநாயகி அழுதுகொண்டிருந்தாள்.

பின்மேசைக்கு வரவேண்டிய இளசுகள் வந்து சேரவில்லை.

எல்லா வயதிலும் காதல் இருக்கட்டுமே என்று இயக்குநர் சொல்லிவிட்டார். துணை நடிகர் கூட்டத்திலிருந்து தெய்வானையையும் ஏகாம்பரத்தையும் இழுத்துவந்து உட்கார வைத்தார்கள்.

அவளுக்கு நாற்பத்தொன்று. இதுவரை கிடைத்ததெல்லாம் நீதிமன்றத்தில் கடைசி பெஞ்ச், கல்யாணத்தில் மாப்பிள்ளை வீடு. காதலி வேஷம் இதுதான் முதல்.

“ஃபர்ஸ்ட் டேட்டுண்ணா. சும்மா வாய மட்டும் அசைங்க. லைவ் சவுண்டு, மூச்சு விடக்கூடாது” என்று உதவி இயக்குநர் பெண் சொல்லிவிட்டுப் போனாள்.

கூட்டக் காட்சிகளில் வாயசைக்க தெய்வானை வழக்கமாக பஸ் நிறுத்தங்களைச் சொல்வாள். பவர்ஹவுஸ், வடபழனி, விருகம்பாக்கம். அன்றைக்கு ஆழ்வார்திருநகரோடு நிறுத்திவிட்டாள்.

எதிரில் இருந்தவர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

அவளுக்குப் புரிந்தது. ராஜபாளையத்தில் பதினோரு வருஷம் நூற்பாலை வேலை. அந்த இரைச்சலில் காது எதற்கும் உதவாது. உதட்டைப் பார்த்தே பெண்கள் ஊர்க்கதை முழுக்கப் பேசித் தீர்ப்பார்கள்.

இது ஏகாம்பரத்துக்குத் தெரியாது.

‘இந்தப் பொண்ணு நெஜமாவே அழுவுதா, கிளிசரினா?’

இரண்டாவது டேக்கில், ‘சட்ட கம்பெனி குடுத்தது. கழுத்து அரிக்குது.’

அவள் சிரித்துவிட்டாள். சூப்பர் என்று உதவி இயக்குநர் பெண் தூரத்திலிருந்து கட்டைவிரலைக் காட்டினாள்.

டேக்குகளுக்கு நடுவே அவர் பரம சாது. தலையைக் குனிந்து செல்போனைப் பார்ப்பார். அவர் குரல் எப்படி இருக்கும் என்றுகூட அவளுக்குத் தெரியாது.

ஐந்தாவது டேக்.

‘உங்கள நாலு ஷூட்டிங்ல பாத்துருக்கேன். கோர்ட் சீன்ல பின்னாடி நின்ன போலீஸ் நான்தான். கல்யாண சீன்ல பந்தில எதுர்ல உக்காந்துருந்தேன். எல்லாரும் சாப்புடுற மாதிரி நடிச்சாங்க. நீங்க மட்டும் அப்பளத்த நெஜமாவே சாப்ட்டீங்க.’

அவளுக்குக் கன்னம் சூடேறியது. பசித்ததே, என்ன செய்ய?

ஏழாவது டேக்.

‘வீட்டுக்காரி போயி ஆறு வருஷம் ஆச்சு. ஒத்த ஆளா பொங்கித் தின்னு அலுத்துப்போச்சு. இதெல்லாம் சத்தமா சொல்ல நமக்குத் தைரியம் கெடையாது. சொன்னா அடுத்த ஷூட்டிங்ல நீங்க வேற பக்கமா போயி உக்காந்துக்குவீங்க.’

சுவரிடம் பேசுகிற நிம்மதியோடு அவர் புன்னகைத்தார்.

‘முடிஞ்சதும் முக்குல ஒரு டீக்கட இருக்கு. வர்றீங்களா?’

கட்.

தெய்வானை தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மில்லில் இருந்த காலத்தில் இரண்டு பேர் பெண் பார்க்க வந்தார்கள். கேட்டதெல்லாம் அம்மாவிடம். சொன்னதெல்லாம் தரகரிடம். அவளிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை.

எட்டாவது டேக்.

‘வர்றேன்’ என்று வாயசைத்தாள்.

அவர் நடிப்புச் சிரிப்போடு தலையாட்டினார். கழுத்தைச் சொறிந்துகொண்டார்.

அவள் இன்னொரு தடவை சொன்னாள். உதட்டை நன்றாகத் திறந்து, மெதுவாக.

அவர் முன்னால் சாய்ந்தார்.

“என்னங்க?”

கரகரவென்ற குரல். கடை முழுக்கக் கேட்டது.

நாற்பது தலைகள் திரும்பின. கதாநாயகி பாதி அழுகையில் நிறுத்தினாள். உதவி இயக்குநர் பெண் ஓடிவந்தாள்.

“யாரு பேசுனது? நல்ல டேக்குண்ணா! இப்பிடிப் பண்ணுனா ஆள மாத்திருவேன்.”

ஏகாம்பரம் எழுந்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

அதற்குள் தெய்வானை எழுந்திருந்தாள்.

“அவரு மேல தப்பு இல்ல மேடம். கேட்டதுக்குப் பதில் சொன்னேன். அவருக்குப் புரியிற மாதிரி சொல்லல. எம்மேலதான் தப்பு.”

“பதிலா? சும்மா வாயத்தானக்கா அசைச்சீங்க?”

தெய்வானை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

ஏகாம்பரம் மெதுவாக உட்கார்ந்தார். காலையிலிருந்து தான் சொன்னது ஒவ்வொன்றாக அவருக்கு நினைவுக்கு வருவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டை. போலீஸ். அப்பளம். காது மடல்வரைக்கும் வெட்கம் ஏறியது. நினைவு டீக்கடைக்கு வந்து சேர்ந்தபோது கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

மானிட்டர் பக்கமிருந்து இயக்குநரின் குரல் வந்தது. அந்த ஜோடியை மாற்ற வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றார். இன்னொரு டேக் போகலாம்.

ஏகாம்பரம் நாற்காலியை மேசையோடு ஒட்டிப் போட்டுக்கொண்டார். முழங்கைகளை ஊன்றினார். கண் இமைக்காமல் அவள் உதட்டையே பார்த்தார்.

கிளாப் அடித்தது. கதாநாயகி மறுபடி அழ ஆரம்பித்தாள்.

தெய்வானை அவசரப்படவில்லை. காலையில் ஏஜென்ட் ஆள் கணக்கெடுத்தபோது காதில் விழுந்த அவர் பெயரை முதலில் சொன்னாள். ஒவ்வோர் எழுத்தாக.

புரிந்தது என்று அவர் தலையாட்டினார்.

அதன் பிறகுதான் மற்றதைச் சொன்னாள்.