தங்கை கொடுத்த மார்பு

புற்றுநோய் ஆபரேஷனில் ஒரு மார்பை இழந்த அக்கா இளவேனிலுக்கு, தங்கை நறுமுகையின் உடம்பிலிருந்து எடுத்த செல்களில் புது மார்பு வளர்த்துப் பொருத்தியிருந்தார்கள். மறுவருடம் நறுமுகைக்கு ஆண் குழந்தை பிறந்தது. அவளுக்குப் பால் ஊறவே இல்லை. குழந்தை வீறிட்டு அழுததும், பிள்ளை பெறாத அக்காவின் ஜாக்கெட்தான் நனைந்தது.

நறுமுகைக்கு வயிறு பற்றி எரிந்தது. "நான் குடுத்ததுதானேக்கா அது? எனக்கில்லாம உனக்கு மட்டும் எப்படி?"

"தெரியலடி. புள்ள பசியில துடிக்கிறான். நீ வேண்டாம்னா பவுடர் பாலே கரைச்சுக் குடுப்போம்."

நறுமுகை குழந்தையை இறுக்கிக்கொண்டாள். அவன் தலையோ அக்கா பக்கமே திரும்பியது. கடைசியில் நீட்டினாள்.

"குடு. ஆனா அம்மான்னு மட்டும் கூப்பிடப் பழக்கிடாத."

சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். சற்றுப் பொறுத்து, முகத்தைக் காட்டாமலேயே கேட்டாள்: "குடிக்கிறானா?"