அரைச்சொட்டு அக்கா

"தம்பி, அன்னைக்கு உன் மணி தோக்கலைடா. தோத்தது என் கைதான்."

மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்த தம்பி நிமிர்ந்து பார்த்தான். அக்கா பட்டறைக்கு வருவதே அபூர்வம். வந்தாலும், "உருப்படற வழியைப் பாரு" என்று தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுத்தான் உட்காருவாள். இன்று நின்றபடியே பேசினாள்.

"எந்த மணியைச் சொல்றே?"

"எண்ணெய்க்குன்னு நீ செஞ்சியே, அதைத்தான்."

எட்டு வருடத்துக்கு முந்தைய கதை அது. பழைய சமையல் எண்ணெயை எரிபொருளாக்கும் ஆலையில், ஒரே ஆய்வுக்கூடத்தில் இருவருக்கும் வேலை. எண்ணெயில் அமிலம் ஏறிப்போனால் எரிபொருளுக்குப் பதில் சோப்பு நுரைதான் மிஞ்சும். தம்பி கடுகளவில் சில மணிகளைச் செய்தான். ஆல்கஹாலோடு அவற்றையும் எண்ணெயில் போட்டுச் சூடாக்கினால் அமிலம் இறங்கிவிடும், மணிகளை வடிகட்டி மறுபடியும் போடலாம் என்றான்.

இறங்கியதா என்று சோதிப்பது அக்காவின் வேலை. காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் திரும்பும் இடத்தை அரைச்சொட்டு பிசகாமல் பிடிப்பதில் அவளை அடிக்க ஆளில்லை. 'அரைச்சொட்டு அக்கா' என்றே அவளுக்குப் பெயர். அவள் "இறங்கலை" என்றாள். மேலாளருக்கு அது வேதவாக்கு. தம்பியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

"போன வாரம் ஆய்வுக்கூட அலமாரியை ஒழிச்சேன். பின்வரிசையில உன் கையெழுத்தோட ஒரு மணிப் பாட்டில், மூடி கூடத் திறக்காம இருந்துச்சு. சும்மா எண்ணெயில போட்டுப் பார்த்தேன். ஆறுல இருந்த அமிலம் அரைக்கு இறங்கிடுச்சுடா! நம்பாம மூணு தடவை பார்த்தேன்."

தம்பியின் கை கம்பியை விட்டது.

"எண்ணெயைக் கரைக்கிற ஸ்பிரிட்லயே அன்னைக்குப் புளிப்பு இருந்திருக்கும், அதையும் எண்ணெயோட அமிலம்னு எண்ணிட்டேன். முதல்ல அதைச் சரிக்கட்டணும். மறந்திருக்கேன். புதுசா வர்ற பிள்ளைங்க செய்யற தப்பு."

"விடுக்கா. யானைக்கும் அடி சறுக்கும்."

"எப்படிடா விடறது? ஆய்வுக்கூடத்துக்கு ஒரு ஆள் போதும்னு அப்பத்தானே சொன்னாங்க? மணி ஜெயிச்சா நீ இருப்பே, தோத்தா நான் இருப்பேன். புருஷன் விட்டுட்டுப் போயி, கைக்குழந்தையோட நின்னேன். வேணும்னே தோக்கடிச்சேன்னு நீ நினைச்சுட்டா..."

சோம்பேறி, படிச்ச படிப்பைப் பாழாக்கினவன் என்று இத்தனை வருடமும் அவனை வாய்க்கு வந்தபடி ஏசியதெல்லாம் அவளுக்கு வரிசையாக நினைவுக்கு வந்து குத்தியது. நாலு பேர் நடுவில் கூட ஏசியிருக்கிறாள். ஒருநாளும் அவன் எதிர்த்துப் பேசியதில்லை.

"வேணும்னு செய்யலைடா. அதை மட்டும் நம்பு."

தம்பி கையைத் துணியில் துடைத்துக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

"முதல்ல உக்காரு. ஸ்பிரிட்ல புளிப்பு இல்லைக்கா. அன்னைக்கு நீ வர்றதுக்கு முன்னாடியே நான் சரிபார்த்து வெச்சிருந்தேன். நீ சொன்ன அளவு சரிதான்."

"அப்புறம் எப்படிடா?"

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நிஜ மணியை அலமாரியில ஒளிச்சுட்டு, உன் கையில வெறும் களிமண் உருண்டையைத்தான் கொடுத்தேன்."