வீட்டுத் தெலுங்கு

"நேத்தும் உங்கம்மா என்னைப் பத்தித்தான் உங்க சித்திகிட்ட போன்ல பேசுனாங்க."

சரண்யாதேவி தோசையைத் திருப்பிக்கொண்டே சொன்னாள். தட்டோடு நின்ற அருண்பாண்டி சிரித்தான்.

"அம்மா சித்திகிட்ட தெலுங்குலல்ல பேசும். ஒனக்கு எப்புடித் தெரியும்?"

"தெரியும். எனக்கு இப்பத் தெலுங்கு தெரியும்."

அவன் வாய்க்குப் போன தோசை பாதியில் நின்றது.

கல்யாணமாகி நாலு வருஷம். புருஷன் வீட்டில் அவர்களுக்குள் பேசிக்கொள்வது தெலுங்கு. அவளைப் பார்த்ததும் எல்லோரும் தமிழுக்குத் தாவிவிடுவார்கள். மரியாதைக்குத்தான். ஆனால் அவள் வந்ததும் பேச்சு மாறுவது, ரயிலில் உட்காரப் போகும்போது யாரோ சீட்டில் துண்டு போடுவது மாதிரி இருக்கும் அவளுக்கு.

"எங்க கத்துக்கிட்ட? யூடியூப்லயா?"

"அதுலயும் பாத்தேன். அதுல சொல்ற தெலுங்கு ஒண்ணு, நம்ம வீட்டுத் தெலுங்கு வேற ஒண்ணு. உங்க தெலுங்குல பாதி மதுரைத் தமிழ்ல கெடக்கு."

"பின்ன?"

"நம்ம பொண்ணு பவதாரிணிகிட்டதான். அவ உங்கம்மாகூட நாள் முழுக்க அதத்தான பேசுறா. இதுக்கு என்ன சொல்லுவ, அதுக்கு என்ன சொல்லுவன்னு வெளாட்டா கேட்டுக் கேட்டுப் படிச்சுக்கிட்டேன். வாத்தியாருக்கு மூணு வயசு. மிட்டாய்தான் பீஸு."

"அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"மூச்சு விடக்கூடாது நீங்க. ரசத்துல புளி ஜாஸ்தின்னு சித்திகிட்ட சொன்னாங்க, மறுநாளே கொறச்சேன். துண்ட ஈரத்தோட மடிக்கிறான்னாங்க, மறுநாளே காயவச்சு மடிச்சேன். பாவம், இப்பக் கொறை சொல்ல ஒண்ணுமில்லாம தவிக்கிறாங்க."

அருண்பாண்டி மனைவியைக் கொஞ்சம் பயத்தோடு பார்த்தான்.

"சரி, வேலை விசயம் என்னாச்சு? அம்மாகிட்ட பேசுனீங்களா?" என்றாள்.

பக்கத்தில் ஒரு காலேஜில் லேப் அசிஸ்டெண்ட் வேலை. வருகிற திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். நாகமலை புதுக்கோட்டையில் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். படித்த படிப்புக்கு இப்போதுதான் ஒன்று வாய்த்திருக்கிறது. ஆனால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள மாமியார் செல்லத்தாய் சம்மதிக்க வேண்டும்.

"செவ்வாக்கிழமையே சொன்னேன். 'ம்'னுச்சு. எந்திரிச்சுப் போயிருச்சு."

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை."

"நான் என்ன செய்ய? அந்த 'ம்'முக்கு மேல பேச எனக்குத் தைரியம் கெடையாது."

அன்று மதியம் ரெண்டு மணிக்கு வழக்கம்போல் செல்லத்தாய் கொல்லைப் படியில் உட்கார்ந்து போனைக் காதில் வைத்தாள். சரண்யாதேவி அடுப்படிக் கதவுக்குப் பின்னால் போய் நின்றாள். தெலுங்கில் பேச்சு ஓடியது. அவளுக்கு ஒரு வார்த்தைகூடத் தப்பவில்லை.

"வேலைக்குப் போகட்டுமே, நானா வேணாங்குறேன்? ம்... ஆமாடி. எங்கிட்ட வந்து கேட்டாளா அவ? புருசன அனுப்புறா. அவன் பூனை மாதிரி வந்து நிக்கிறான். நான் என்ன கலெக்டரா, மனு குடுக்குறதுக்கு? ம்... ம்... புள்ளைய நான் பாத்துக்க மாட்டனா? 'அத்தை, போகட்டுமா'ன்னு ஒரு வார்த்தை வாய்விட்டுக் கேட்டா முத்தா உதிந்துரும்? நல்ல புள்ளதாண்டி. நேர்ல சொன்னா தலைக்கு மேல ஏறிக்குவான்னு சொல்றதில்ல."

சரண்யாதேவிக்குக் கண் கலங்கிவிட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு, அரைமணி நேரம் கழித்து, ஒன்றும் தெரியாதவள் போல் மாமியார் முன்னால் போய் நின்றாள்.

"அத்தை, காலேஜ்ல ஒரு வேலை வந்திருக்கு. நீங்க சரின்னா போறேன்."

"வேலையா?" செல்லத்தாய் நெற்றியைச் சுருக்கினாள். "திடுதிப்புன்னு வந்து சொன்னா எப்புடி? யோசிக்கணும்ல."

ஒரு வெற்றிலை மடித்து வாயில் போடும் நேரம் யோசித்தாள்.

"சரி, போயிட்டு வா. புள்ள எங்கூட இருக்கட்டும்."

ராத்திரி சாப்பாட்டில் அருண்பாண்டியால் நம்பவே முடியவில்லை. "எப்புடி மடக்குன?" என்று காதைக் கடித்தான்.

"பாஷை தெரிஞ்சா பாதி வீடு நம்மது," என்றாள் மெல்ல. "ஆனா எனக்குத் தெரியும்னு அத்தைக்குக் கடைசி வரைக்கும் தெரியக்கூடாது. தெரிஞ்சா அடுத்து இந்தி கத்துக்கிட்டுப் பேச ஆரம்பிச்சிருவாங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை டி. கல்லுப்பட்டியிலிருந்து செல்லத்தாயின் தங்கை சுந்தரம்மாள் வந்து இறங்கினாள். சரண்யாதேவி சொம்பை எடுக்க அடுப்படிக்குள் போனாள். வெளியே தெலுங்கு தொடங்கியதும், பழக்க தோஷம், கால் தானாகக் கதவுக்குப் பின்னால் நின்றுவிட்டது.

"ஏங்க்கா, பத்து நாளா போன் அடிச்சா சுவிட்ச் ஆஃப்னு வருது? ஒனக்கு என்னமோ ஏதோன்னு பஸ் ஏறி வாரேன்."

"அது தண்ணித் தொட்டியில விழுந்து செத்துப் பத்து நாளாச்சுடி. இருந்தாலும் ரெண்டு மணியானா காதுல வச்சுப் பேசிக்கிட்டுத்தான் இருக்கேன். கேக்க வேண்டியவளுக்குக் கேட்டுருதுல்ல," என்ற செல்லத்தாய், அடுப்படிப் பக்கம் திரும்பித் தெலுங்கிலேயே குரல் கொடுத்தாள். "சரண்யா, கதவுக்குப் பின்னாடி நின்னது போதும்த்தா. சின்னத்தைக்குத் தண்ணி கொண்டா."